விசுவாச ஓட்டம் (விவிலிய உருவகம்)

விசுவாச ஓட்டம் என்பது கிறித்தவ நம்பிக்கையில் இறுதிவரை நிலைத்திருப்பதை விளையாட்டுப் போட்டியாக உருவகிக்கும் விவிலிய வழக்கு ஆகும். பவுலின் பெயரால் அமைந்த கடிதங்களிலும் எபிரேயருக்கு எழுதப்பட்ட கடிதத்திலும் இது இடம்பெறுகிறது. வேகத்தைப் பற்றிய உருவகமாகப் பலர் இதை எடுத்துக்கொள்வதுண்டு. மூல உரைகளில் முன்னிற்பவை பயிற்சியும் பாதியில் விலகாமையுமே.

கொரிந்துப் பின்னணி

உருவகம் விரிவாக வருவது 1 கொரிந்தியர் 9:24-27 பகுதியில். கடல் தெய்வமான பொசைடனுக்காக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மிய விளையாட்டுகளைப் பொறுப்பேற்று நடத்திய நகரம் கொரிந்து. பவுல் அங்கே கி.பி. 50 முதல் 52 வரையான காலத்தில் ஒன்றரை ஆண்டு தங்கிக் கூடாரம் செய்யும் தொழில் செய்தார். கி.பி. 51இல் அங்குப் போட்டிகள் நடந்திருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. பார்க்க வந்த கூட்டத்துக்கு அவர் கூடாரம் விற்றிருப்பார் என்றுகூடச் சிலர் ஊகிக்கின்றனர். விவிலியத்தில் அப்படி எதுவும் இல்லை. எப்படியானாலும், இந்தக் கடிதத்தைப் படித்தவர்களுக்கு விளையாட்டரங்கம் பழகிய இடம்.

வெற்றியாளர் தலையில் சூட்டப்பட்டது பொன் முடியல்ல. பைன் மரத் தழையாலோ செலரிக் கீரையாலோ பின்னிய வளையம். இஸ்த்மியாவில் சூட்டிய செலரி காய்ந்ததாகவே இருந்தது. அழியக்கூடிய முடிக்காகவே வீரர்கள் இவ்வளவு கட்டுப்பாட்டோடு இருக்கிறார்களே என்னும் பவுலின் வாதம் இங்குதான் கூர்மை பெறுகிறது. தமிழ் விவிலியத்தில் 'கிரீடம்' என்று படிப்பவருக்கு அரசரின் மணிமுடி நினைவுக்கு வருவதால் இந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது. வெற்றி பெற்றவர் வாகைப்பூச் சூடும் பழந்தமிழ் வழக்கே கிரேக்கச் சொல்லுக்கு நெருக்கமானது.

அடுத்து அவர் குத்துச்சண்டைக்குத் தாவுகிறார். தம் உடலை அடக்குவதைச் சொல்ல அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைக்குக் கண்ணுக்குக் கீழே குத்துதல் என்பது நேர்ப்பொருள். எதிராளி வேறொருவர் அல்லர், அவரேதான். உண்மைப் பந்தயத்தில் ஒருவரே வெல்ல முடியும் என்று தொடங்கியவர், உடன் ஓடுபவரைத் தோற்கடிக்கச் சொல்லவே இல்லை. 2 தீமோத்தேயு 4:8இல் முடி, ஆண்டவரின் வருகையை விரும்பும் அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது.

தகுதியிழப்பு பற்றிய விவாதம்

பகுதியின் கடைசி வரி கடினமானது. பிறருக்கு அறிவித்த தாமே தகுதியற்றவராகிவிடக் கூடாது என்று பவுல் அஞ்சுகிறார். போட்டி விதிகளை உரக்கச் சொல்லும் கட்டியக்காரனே தள்ளப்படுவது போன்ற நிலை அது. மீட்பையே இழக்க நேரும் என்னும் எச்சரிக்கையாகக் கத்தோலிக்கரும் அர்மீனியக் கொள்கையினரும் இதைப் பொதுவாகக் கொள்வர். கால்வினியருள் பலர், உண்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் இறுதிவரை நிலைப்பர் என்றும், இழக்கக்கூடியது பரிசோ ஊழியமோதான் என்றும் விளக்குவர். அடுத்த அதிகாரம், எகிப்திலிருந்து மீட்கப்பட்டும் பாலைநிலத்தில் மடிந்த இஸ்ரயேலரைப் பற்றியது. அதையும் சேர்த்துப் படித்தால் முதல் விளக்கமே வலுவாகத் தோன்றுகிறது.

எபிரேயர் கடிதத்தில்

எபிரேயர் 12இல் ஓட்டம் வேறு தேவைக்குப் பயன்படுகிறது. அதன் வாசகர் உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுள் சிலர் சபை கூடுவதையும் விட்டிருந்தனர். எனவே ஆசிரியர் பரிசைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, பாரத்தை இறக்கிவிட்டுப் பொறுமையோடு ஓடும்படி கேட்கிறார். சூழ்ந்து நிற்கும் 'சாட்சிகள்' வெறும் பார்வையாளர் அல்லர். முந்தைய அதிகாரம் பெயர் சொல்லும், தம் ஓட்டத்தை முடித்த ஆபேல், ஆபிரகாம் முதலானோர்.

பிற்காலத்தில்

வன்முறை மிகுந்த துன்புறுத்தல்களின்போது அரங்கம் உருவகமாக மட்டும் இருக்கவில்லை. கி.பி. 203இல் கார்த்தேஜில் சிறையிலிருந்த பெர்பெத்துவா என்னும் இளந்தாய், தாம் அரங்கில் எகிப்தியன் ஒருவனோடு மற்போரிட்டு வென்று, பொன் ஆப்பிள்கள் உள்ள கிளையைப் பரிசாகப் பெறுவதாகக் கனவு கண்டார். அதை எழுதியும் வைத்தார். மறுநாள் அரங்கில் மக்கள் முன்னிலையில் அவர் கொல்லப்பட்டார்.