கடலடிக் கால்வாயின் முகத்தில் வண்டல்

ஆறு கடலொடு கலக்குமிடத்தைக் கழிமுகம் என்கிறோம். ஆற்றின் செலவு அங்கு முடிவதாகவே பலரும் கருதுவர். ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுக்கு அக்கருத்துப் பொருந்தாது. அதன் கழிமுகத்தினுள்ளேயே ஆழ்பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, கடலடியில் கால்வாயாக நீண்டு, ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழத்தில் முடிகின்றது. அம்முடிவிடத்தையே ஈண்டுக் கால்வாய் முகம் எனக் குறிக்கின்றோம்.

இக்கால்வாயில் ஓடுவது ஆற்றுநீர் அன்று. மணலும் சேறும் கலந்தமையால் கடல்நீரினும் எடை மிகுந்து, சரிவு நோக்கி இறங்கும் கலங்கற் பெருக்கே அது. 2020 சனவரியில் அத்தகைய பெருக்கொன்று 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிற்று. வினாடிக்கு 5 மீட்டரளவில் இருந்த அதன் விரைவு, செல்லச் செல்லக் குறையாது 8 மீட்டராயிற்று. அடியை அரித்து எடையைப் பெருக்கிக்கொண்டே சென்றமை அதற்குக் காரணம். வழியில் தொலைத்தொடர்பு வடங்கள் இரண்டு அறுந்தன; தென்னாப்பிரிக்கா வரை இணையத் தொடர்பு தளர்ந்தது.

இருகரையும் ஒழியும் முகத்தில் இப்பெருக்கு யாது செய்யும்? பரந்து தளர்ந்து, சுமந்ததை உடனே இறக்கிவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஒலியலைகளைக் கொண்டு வரைந்த கடலடிப் படங்களோ, பல கால்வாய் முகங்களில் முதற்கண் காட்டுவது மேடன்று, குழி. கரண்டியால் அகழ்ந்தாற்போன்ற அக்குழிகள் ஆங்காங்கே தனித்தும், சில விடத்து ஒன்றோடொன்று இணைந்தும் கிடக்கின்றன.

இதற்கு இருவகை விளக்கம் கூறுவர். மதகின்கீழ் மெல்லிய படலமாய் விரையும் நீர், சிறிது தொலைவில் திடுமென எழுந்து தடித்துச் சுழல்வதை நாம் கண்டிருக்கிறோம். சரிவு குறையுமிடத்தில் கலங்கற் பெருக்கும் அவ்வாறு எழுந்து, தன் சுழற்சியால் தரையை அகழும் என்பது முதலாவது. 2019இல் வெளியான ஆய்வுக்கூடச் சோதனை இரண்டாவதைத் தந்தது. பெருக்கின் மிக விரைந்த அடுக்கு கால்வாயினுள் தரைக்குச் சற்று மேலே ஓடுகின்றது. கரைகள் நீங்கியதும் பெருக்கு இருபுறமும் பரந்து மெலிகின்றது. அதனால் அவ்வடுக்குத் தாழ்ந்து தரையைத் தேய்க்கின்றது. நீர் எழாவிடினும் குழி உண்டாதலை இது விளக்குவதால், நமக்கு இதுவே பெரிதும் ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது.

குழிகளுக்கு அப்பாலே வண்டல் படிகின்றது. நீர் குவித்த மணல்மேட்டைப் பழந்தமிழர் எக்கர் என்றனர். கடலடி மேட்டிற்கும் அச்சொல்லையே ஆளலாம், புதுச்சொல் வேண்டுவதில்லை. ஓர் எக்கர் உயர்ந்தபின் அடுத்த பெருக்கு அதனை விலக்கி, பக்கத்துத் தாழ்நிலத்தை நாடும். இங்ஙனம் எக்கர்கள் ஒன்றன்பக்கம் ஒன்றாகப் பரவுகின்றன. காங்கோவின் எக்கர்களில் காட்டு மரஞ்செடிகளின் மட்கிய துகள்களும் புதைந்துள்ளன. அவை சிதைவதால் தோன்றும் வளிகளைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்களும், அந்நுண்ணுயிர்களைத் தம் உடலுள் கொண்ட சிப்பிகளும் கதிரொளி புகாத அவ்விருளில் திரண்டு வாழ்கின்றன.