3 மாதத்தில் 2 பேட்டரி "அவுட்"! பழைய காரில் கரண்டை மடக்கிய ஆசாமி சிக்கியது எப்படி?

நள்ளிரவு 1 மணி.

பிரசவ வலியில் மகள் துடிக்கிறாள். வாசலில் அம்பாசிடர் கார் தயாராக நிற்கிறது. அப்பா ஓடிப்போய் சாவியைத் திருகுகிறார்.

"டக்... டக்..."

அவ்வளவுதான்! என்ஜின் அசையவில்லை. ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது.

நல்ல வேளை, தெருமுனையில் ஒரு ஆட்டோ கிடைத்தது. விடிவதற்குள் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

சென்னை குரோம்பேட்டையில் நடந்த சம்பவம் இது. காரின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற கிளார்க்.

பென்சன் பணம் போச்சு

"3 மாசத்துல 2 பேட்டரி மாத்திட்டேன் தம்பி. செல்ப் மோட்டாரையும் கழட்டி வேலை பார்த்தாச்சு. பென்சன் பணம் பூரா இதுலயே போச்சு. புது பேட்டரி போட்டா கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்" என்று புலம்பினார் அவர்.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனார். அங்குள்ள கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் பேட்டரியைத் தொடவே இல்லை.

"சார், செல்ப் அடிங்க" என்றார். அடித்ததும் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது!

"ஆளு மாட்டிக்கிட்டான்!" என்று சிரித்தார்.

மடக்கியது யார்?

அவர் கூறியதாவது:-

"செல்ப் மோட்டார் சுத்த 100 ஆம்பியருக்கு மேலே கரண்ட் வேணும். ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் இருந்தா போதும். அதனால லைட் எரியுது, எல்லாம் சரியா இருக்குன்னு நினைக்கக் கூடாது.

போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரணும். என்ஜின் இரும்பு, பாடி தகரம் வழியாத்தான் அது வரும். ஆனா என்ஜின் உட்கார்ந்திருக்கிறது ரப்பர் மேலே. ரப்பர்ல கரண்ட் பாயாது. அதுக்காக என்ஜினையும் பாடியையும் சேர்த்து ஒரு எர்த் பட்டை போட்டிருப்பாங்க. இந்த வண்டியில அது துருப்பிடிச்சு அறுந்து கிடக்கு.

பாதை அடைச்சா கரண்ட் சந்துல புகுந்து வரும். சோக் கேபிள் சுட்டது அதனாலதான். இப்படியே விட்டா கேபிள் பழுத்து, பக்கத்து வயர் உருகி, வண்டியே பத்திக்கலாம்.

சார்ஜ் ஏத்துற டைனமோவும் என்ஜின்லதான் இருக்கு. அதுக்கும் இதே வழிதான். சார்ஜ் சரியா ஏறலேன்னா எத்தனை புது பேட்டரி போட்டாலும் படுத்துடும். பேட்டரி மேலே தப்பே இல்லை."

இவ்வாறு அவர் கூறினார்.

துருவை உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டையை மாட்டினார். அரை மணி நேர வேலை. ஒரே திருகில் என்ஜின் உறுமியது.

"அப்போ தூக்கிப்போட்ட 2 பேட்டரியும் நல்ல பேட்டரிதானா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கிளார்க்.

நீங்களே பார்க்கலாம்

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ம் ஆண்டே நின்று விட்டது. ஆனாலும் அம்பாசிடர், பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு எலக்ட்ரீஷியன் சொல்லும் யோசனைகள்:-

* ஹெட்லைட்டைப் போட்டு செல்ப் அடியுங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி, டெர்மினல் பக்கம் பாருங்கள். குறையாமல் எரிந்தால் செல்ப் சுவிட்ச், மோட்டார், எர்த் பட்டை பக்கம் பாருங்கள்.

* வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு, மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்கு கீழே போனால் பேட்டரி காலி. என்ஜினை கொஞ்சம் முடுக்கினால் 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் முதலில் பேன் பெல்ட் தளர்ச்சியைப் பாருங்கள்.

* மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை என்ஜின் இரும்பிலும் வையுங்கள். செல்ப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு.

* டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால், வயரைக் கழற்றி, சோடா உப்பு கலந்த வெந்நீரால் கழுவி வாசலின் தடவுங்கள். கழற்றும்போது எர்த் வயர் முதலில், மாட்டும்போது கடைசியில். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது!

* டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்றே போதும், 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை 6 நாளில் காலி செய்து விடும்.

பியூசுக்கு பதில் கம்பியா?

"எல்லாத்தையும் விட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. பியூஸ் போனா சிகரெட் பேப்பரை சுத்தி வைக்கிறாங்க, கம்பியைக் கட்டுறாங்க. பியூஸ் உருகுறது வண்டி எரியாம இருக்கத்தான். அதைத் தடுத்தா வயர்தான் எரியும்" என்று எச்சரிக்கிறார் எலக்ட்ரீஷியன்.

3 நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இருந்து மகளையும் பேத்தியையும் வீட்டுக்கு அழைத்து வந்தது அதே அம்பாசிடர்தான்.

வழியில் ஒரு இடத்தில் கூட மக்கர் பண்ணவில்லையாம்!