கவிழத் தெரிந்தவனுக்கே சான்றிதழ்!



தேர்வு என்றால் நமக்குத் தெரியும்: தப்பு செய்தால் மார்க் போகும். ஆனால் ஒரு தேர்வில் முதல் கேள்வியே "எங்கே, கவிழ்ந்து காட்டு!" என்பதுதான். அதுதான் கடல் கயாக் தேர்வு.

கயாக் என்றால் என்ன?

ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தகடு உள்ள துடுப்பால் தள்ளும் ஒல்லியான படகு. கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்தி வேட்டைக்காக இதைச் செய்தார்கள். நம்ம கட்டுமரத்தில் குழியே கிடையாது. அதனால் தண்ணீர் தேங்காது, விழுந்தாலும் ஏறிக்கொள்ளலாம். கயாக்கிலோ உட்காரக் குழி உண்டு. கவிழ்ந்தால் அதில் தண்ணீர் ரொம்பிவிடும். அதனால்தான் கவிழும் பாடம் முதல் பாடம்.

என்னென்ன கற்க வேண்டும்?

1. துடுப்பு வீச்சு: கை பலத்தால் இழுத்தால் அரை மணியில் கை ஓய்ந்துவிடும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி வீச வேண்டும்.

2. வெளியேறுதல்: குழியைச் சுற்றி ஒரு துணிப் பாவாடை மாட்டியிருப்பார்கள். தலைகீழானதும் பதறாமல், அதன் முன்பக்க வளையத்தைப் பிடித்து இழுத்துவிட்டு வெளியே வர வேண்டும். துடுப்பையும் படகையும் விடக்கூடாது.

3. துணைவரைக் காப்பாற்றுதல்: கவிழ்ந்த படகின் முனையைத் தன் படகின் மேல் இழுத்து, தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, நண்பன் ஏறும்வரை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தனக்கு மட்டும் ஓட்டத் தெரிந்தால் பாஸ் கிடையாது!

4. உருளல்: வெளியே வராமலே, துடுப்பை நீரில் அழுத்தி, இடுப்பை வெட்டி நிமிர்வது. இதில் ரகசியம் என்னன்னா, தலை கடைசியாக வர வேண்டும். மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்கினால் திரும்பவும் கவிழ்ந்துவிடுவோம். பயத்தை அடக்கினால்தான் இது வரும். ஆஸ்திரியாவின் பாவ்லாட்டா என்பவர் புத்தகங்களில் படித்ததை வைத்தே பழகி 1927-ல் இதைச் செய்து காட்டினார். படிப்பும் வீண்போகாது பாருங்கள்!

யார் சான்றிதழ் தருகிறார்கள்?

1880-ல் தொடங்கிய அமெரிக்கக் கனூ சங்கத்தின் முறையில் 1 முதல் 5 வரை நிலைகள் உண்டு. முதல் நிலை அமைதியான நீரில். நிலை ஏற ஏற அலையும் காற்றும் கரையிலிருந்து தூரமும் கூடும். பிரிட்டன் முறையில் குழுவைக் கடலில் அழைத்துப் போகும் தகுதிக்கு, பியூஃபோர்ட் அளவில் எண் 4 வரையான காற்றைச் சமாளிக்க வேண்டும். அதாவது மணிக்கு 20 முதல் 28 கி.மீ. மைதானத்தில் புழுதி கிளம்பி, காகிதத் துண்டு பறந்தால் அது எண் 4 என்று தெரிந்துகொள்ளலாம். ஆடி மாதத்தில் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்க்கும் நமக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

காற்றின் திசையும் முக்கியம். அதிகாலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கரையோரம் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். நம்பிப் போனால் அது உள்ளே தள்ளிக்கொண்டே போகும். மீனவர்கள் அந்தக் காற்றில் போய், பிற்பகலில் கடல் காற்றில் திரும்பிய கணக்கு, பாய்மரக் காலத்து அறிவு. நீரோட்டத்தை 'நீவாடு' என்று பெயர் சொல்லிக் கணிப்பவர்கள் அவர்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

ஜெர்மனியின் ஆஸ்கார் ஸ்பெக் 1932-ல் உல்ம் நகரிலிருந்து ஒரு மடக்குக் கயாக்கில் கிளம்பினார். இந்தியக் கரையை ஒட்டி வந்து 1935-ல் இலங்கையைத் தொட்டார். 1939-ல் ஆஸ்திரேலியாவின் சாய்பாய் தீவை அடைந்தபோது உலகப் போர் தொடங்கிவிட்டதால் கைதானார்! அவருக்கு நீச்சல் தெரியாது என்பது பெரிய ஆச்சரியம். ஆனால் இதைப் பின்பற்றாதீர்கள்!

நாம் எங்கே தொடங்குவது?

"நம்ம அணையிலேயே பழகலாமே" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம்! அமராவதி அணையில் முதலைகள் பண்ணையில் மட்டும் இல்லை, நீரிலும் இருக்கின்றன. முதலை இல்லாத குளமானாலும், ஆழம் தெரியாத நீரில் ஆள் துணையில்லாமல் இறங்குவது வீரம் அல்ல. லீவு நாளில் குளிக்கப் போய்த் திரும்பாத மாணவர்கள் பற்றிய செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

முதலில் நீச்சல் குளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் நீச்சல். பிறகு உயிர்காப்பு அங்கி அணியும் பழக்கம். என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர வாய்ப்புள்ளவர்கள் படகு வலித்தல், பாய்மரம் இரண்டையும் கற்கலாம். கோவாவில் 1990-ல் தொடங்கிய தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சியும் தருகிறது.

நண்பர்களே, விழாதவனுக்கு யாரும் இந்தச் சான்றிதழ் தருவதில்லை. விழுந்து, பதறாமல் எழுந்து, பக்கத்தில் விழுந்தவனையும் தூக்கிவிடுபவனுக்கே தருகிறார்கள். கடலுக்குப் போகாவிட்டாலும் இது நமக்கும் பொருந்தும்தானே?

– 11-ஆம் வகுப்பு மாணவன்