உங்களுக்குத் தெரியுமா? மயக்கமருந்தும் மறதிப் பயமும்

"முழங்காலுக்கு ஒப்பரேசன் செய்தால் அறளை பெயர்ந்துவிடும்" என்று பயந்து, நோவோடு காலம் தள்ளும் ஆச்சிமாரும் அப்புமாரும் யாழ்ப்பாணத்தில் பலர். அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அறியவேண்டியவை இவை.

● ஈதர் மயக்கத்தில் நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று பொஸ்டனில் பலர் முன்னிலையில் காட்டப்பட்டது 1846 ஒக்டோபர் 16இல். அடுத்த ஆண்டே அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்துவிட்டார். மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' நூலையும் தமிழில் தந்தார்.

● அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் மறதிநோய் கண்ட 877 பேரை, நோயில்லாத அதே வயதினரோடு ஒப்பிட்டனர். 45 வயதுக்குப் பின் முழு மயக்கத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டதற்கும் மறதிநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை (2013).

● டென்மார்க்கில் 8,503 இரட்டையர்களை ஆராய்ந்தபோது, பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் நினைவாற்றலில் பொருட்படுத்தும் குறைவு தென்படவில்லை. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களின் சோதனை மதிப்பெண் சற்றுக் கூடுதலாகவே இருந்தது (2016).

● முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்தால் மூளைக்குப் பாதுகாப்பு என்பார்கள். இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரில் இதைச் சோதித்தார்கள் (2021). முதுகு ஊசியோ முழு மயக்கமோ, இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனக்குழப்பம் வந்தது.

● சத்திரசிகிச்சைக்குப் பின் ஆளை மாறிச் சொல்வது, இரவில் பிதற்றுவது, ஒன்றும் பேசாமல் சோர்ந்து கிடப்பது எல்லாம் இந்தக் குழப்பத்தின் அறிகுறிகள். பெரும்பாலும் சில நாளில் தெளியும். ஆனால் இது வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் ஆபத்து அதிகம். "வயசு போனால் இப்படித்தான்" என்று விடவேண்டாம். கிருமித்தொற்று, நோவு, நீரிழப்பு, சிறுநீர் அடைப்பு காரணமாக இருக்கலாம். உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

● வைத்தியசாலையில் தங்கிய 70 வயது தாண்டிய 852 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், எளிய பராமரிப்பாலேயே இக்குழப்பம் 15 வீதத்திலிருந்து 9.9 வீதமாகக் குறைந்தது (1999). கண்ணாடி, காதுக்கருவி, போதிய தண்ணீர், நல்ல உறக்கம், நேரத்தோடு எழுந்து நடத்தல், ஆறுதலான பேச்சு ஆகியவைதான் அந்த மருந்து. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ என்றால், கட்டிலருகே இருக்கப்போவது யார் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

● தடிமலுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசை, நித்திரைக் குளிசை, நாள்பட்ட ஸ்டீரோயிட், மது எதையும் மயக்கமருந்து வைத்தியரிடம் மறைக்காதீர்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முடக்குவாதக்காரர் கழுத்து நோவையும் சொல்லவேண்டும்; சுவாசக்குழாய் வைக்கும்போது கழுத்தெலும்புக்கு ஆபத்து நேரலாம்.

● உடலியக்கக் குறைவும் மறதிநோய்க்கு ஒரு காரணி. வைத்தியர் அவசியம் என்று சொன்ன சத்திரசிகிச்சையைப் பயத்தால் மட்டும் தள்ளிப்போட்டு, அம்மாவையோ அப்பாவையோ நாற்காலியில் முடக்கிவிடாதீர்கள். சந்தேகத்தை அடுத்த கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள்.