முதலில் ஒருவர் படிக்கிறார்

இணையத்தில் ஓர் ஊர் – 9

லைக்குக்கு ஒரு மதிப்பெண். கோபமுகம் உள்ளிட்ட மற்ற முகக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். 2017-இல் ஃபேஸ்புக்கின் அல்காரிதம் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் எந்தப் பதிவை மேலே தூக்குவது என்று முடிவு செய்தது. அதைச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். கோபமுகம் குவிகிற பதிவுகளில் பொய்யும் வசையும் அதிகம் என்பதை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2019-இல் உறுதிசெய்தார்கள். ஆனாலும் கோபமுகத்தின் மதிப்பெண் பூஜ்யமாவதற்கு 2020 செப்டம்பர் ஆகிவிட்டது.

குறையைப் போதுமான அளவு சொல்லியாயிற்று. இனி, வேறு மாதிரி கட்டியவர்களிடம் போவோம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி வெர்மான்ட் என்றொரு மலை மாநிலம் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 6,43,077. நம் நீலகிரி மாவட்டத்தைவிடக் குறைவு. அங்கே வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உறுப்பினராக இருக்கும் ஒரு சமூக வலைத்தளத்தின் பெயர் ஃப்ரன்ட் போர்ச் ஃபோரம். அந்த மாநிலத்துக்கு வெளியே அதை அறிந்தவர்கள் குறைவு.

மாநிலத்தின் பெரிய ஊர் பர்லிங்டன். பெரியது என்றாலும் சுமார் 45,000 பேர்தான். அதன் தென்பகுதியில் கேரொலைன், கேத்தரின், ஷார்லட், மார்கரெட், மரியன் என்று ஐந்து பெண்களின் பெயர் கொண்ட தெருக்கள் இருப்பதால் அந்தப் பகுதியை ‘ஐந்து சகோதரிகள்’ என்பார்கள். அங்கே குடிவந்த மைக்கேல் வுட்-லூயிஸ், வேலரி தம்பதிக்கு அக்கம்பக்கத்தாரைப் பழகிக்கொள்ள வழி தெரியவில்லை. 2000-ஆம் ஆண்டு அந்தத் தெருக்காரர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார்கள். அது பிடித்துக்கொண்டது. 2006-இல் பக்கத்துப் பகுதிகளுக்கும் சேர்த்து ஒரு நிறுவனமாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது.

உறுப்பினராக உண்மையான பெயரும் தெரு முகவரியும் தர வேண்டும். உங்கள் முகவரி எந்தப் பகுதிக்குள் வருகிறதோ அந்தப் பகுதியின் குழுவில் சேர்க்கப்படுவீர்கள். நீங்கள் எழுதுவது உடனே வெளியாகாது. அன்றைக்கு வந்த எல்லாவற்றையும் தொகுத்து ஒரே மின்னஞ்சலாக அனுப்புவார்கள். பூனையைக் காணோம், தோட்டத்தில் காய் மிஞ்சிக் கிடக்கிறது வேண்டுவோர் எடுத்துப் போகலாம், நேற்றிரவு கரடி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது, பள்ளிக்கூட பட்ஜெட்டில் இந்தச் செலவு எதற்கு: எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வெறும் எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர் பெயர், தெரு. பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம். பதில் சொல்ல வேண்டுமானால் எழுதி அனுப்புங்கள். நாளைய மடலில் வரும்.

அந்த ஒரு நாள் இடைவெளியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதைப் படித்து இரவு பத்து மணிக்கு ஆத்திரம் பொங்கினால், அதே பத்து மணிக்கு அவரைத் திட்டி நூறு பேர் முன்னால் நிறுத்த முடியாது. விடிந்து, வெளியே போய், அவரையே தெருவில் பார்த்துத் தலையசைத்துவிட்டு வந்த பிறகும் கோபம் மிச்சமிருந்தால் அது பேச வேண்டிய விஷயமாகத்தான் இருக்கும்.

ஆனால் மெதுவாக நடப்பது மட்டும் போதாது. வருகிற ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன் ஒரு மனிதர் படிக்கிறார். ஃபேஸ்புக்கில் பெரும்பாலும் பதிவு வெளியான பிறகுதான் பரிசீலனை. இங்கே வரிசை தலைகீழ். சம்பளம் வாங்கும் மட்டுறுத்துநர்கள் படிக்கிறார்கள். கருத்தைக் கடுமையாக மறுக்கலாம். ஊராட்சியின் முடிவைக் கண்டிக்கலாம். சக மனிதரைத் தாக்கக் கூடாது. தாக்கினால் பதிவு எழுதியவருக்கே திரும்பி வரும், இன்ன காரணத்தால் வெளியிட முடியவில்லை, மாற்றி எழுதித் தாருங்கள் என்ற குறிப்போடு. நிறுவனத்தில் வேலை செய்வோர் மொத்தமே சுமார் 30 பேர்தான். அவர்களில் கணிசமானவர்களுக்கு வேலையே இந்தப் படிப்புதான். உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்திலும் உறுப்பினர்கள் விரும்பித் தரும் நன்கொடையிலும் அந்தச் சம்பளம் கிடைக்கிறது. மடல் தினம் ஒன்றுதான் என்பதால் உறுப்பினரை மணிக்கணக்கில் திரையில் பிடித்து வைப்பதால் நிறுவனத்துக்கு லாபமில்லை.

இது வெர்மான்ட்டில் முளைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளை 1968-லேயே சட்டம் போட்டுத் தடைசெய்த மாநிலம் அது. கண்ணைப் பறிக்கும் உரிமை காசு வைத்திருப்பவருக்குத் தானாக வந்துவிடாது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிவு செய்தவர்கள். அதைவிடப் பழையது ஊர்க்கூட்டம். மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்மக்கள் பள்ளிக்கூடத்திலோ ஊர் மண்டபத்திலோ கூடி, சாலை பராமரிப்புச் செலவு முதல் தீயணைப்பு வண்டி வரை நேரடியாக வாக்களித்து முடிவெடுக்கிறார்கள். கூட்டத்தை நடத்துபவரை ஊரே தேர்ந்தெடுக்கிறது. பேசுகிறவர் எதிராளியைப் பார்த்துப் பேசுவதில்லை. நடத்துபவரை நோக்கித்தான் பேச வேண்டும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, தாங்கள் எழுதியதை நடுவில் ஒருவர் படித்துப் பார்ப்பது கழுத்தை நெரிப்பதாகப் படவில்லை.

அந்த நடுவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன். மிகத் தொலைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதை மியான்மர் காட்டியது. ரோஹிங்கியா முஸ்லிம் சிறுபான்மையினர் மீது வெறுப்பு ஃபேஸ்புக்கில் கொதித்துக்கொண்டிருந்த 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைப் பரிசீலித்தவர்கள் அந்த நிறுவனத்துக்கு இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் 2018-இல் வெளிப்படுத்தியது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அது. அந்த ஊரின் எந்தச் சொல் எந்த நேரத்தில் கத்தியாகும் என்பதைக் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு யாரால் அறிய முடியும்?

மிக அருகில் இருந்தாலும் கெடும். நெக்ஸ்ட்டோர் என்ற நிறுவனமும் 2011 முதல் அமெரிக்காவில் தெருவாரியான வலைத்தளத்தைத்தான் நடத்துகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வெர்மான்ட்டின் ஃபோரத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் அங்கே எதை நீக்குவது என்று தீர்மானிப்பதில் பெரும்பங்கு சம்பளமில்லாமல் பொறுப்பேற்ற அதே தெருக்காரர்களுக்கு. ‘கறுப்பின இளைஞன் ஒருவன் தெருவில் நடமாடுகிறான், ஜாக்கிரதை’ என்ற ரீதியில் பதிவுகள் பெருகி, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 2015-இல் பெரும் சர்ச்சையாயிற்று. பதிவிடும் படிவத்தையே நிறுவனம் மாற்ற வேண்டிவந்தது. 2020-இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் கையில் கொல்லப்பட்டபின் கறுப்பின மக்களுக்கு ஆதரவான பதிவுகளைத் தெருப் பொறுப்பாளர்கள் நீக்குகிறார்கள் என்ற புகார் எழுந்தது. தெருவில் ஏற்கெனவே செல்வாக்குள்ளவர் கையிலேயே கத்தரிக்கோலும் போய்ச் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

வெர்மான்ட்டின் மட்டுறுத்துநர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அந்த மாநிலத்தின் பனியும் சேறும் பள்ளிக்கூட பட்ஜெட் சண்டையும் அவருக்குத் தெரியும். ஆனால் உங்கள் வேலித் தகராறில் அவருக்குப் பங்கில்லை. மனக்கசப்பு வந்தால் அவர் வீட்டுக் கதவை நீங்கள் தட்ட முடியாது. அவருக்கும் உங்களைக் கண்டு பயமில்லை. அருகிலிருந்து வரும் அறிவும் விலகலிலிருந்து வரும் நடுநிலையும் ஒரே ஆளிடம் சேர்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எங்கும் பார்க்கவில்லை.

2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெர்மான்ட்டைத் தாக்கியது. மலை ஓடைகள் ஆறுகளாகிப் பாலங்களை அடித்துப் போயின. 13 ஊர்கள் சாலைத் தொடர்பே இல்லாமல் துண்டிக்கப்பட்டன. எந்த வழி திறந்திருக்கிறது, யாரிடம் தண்ணீர் இறைக்கும் பம்பு இருக்கிறது, எந்த வீட்டு நிலவறையில் சேறு அள்ள ஆள் வேண்டும் என்பதெல்லாம் அந்த மடல்களில் ஓடின. 2023 ஜூலையில் தலைநகர் மான்ட்பீலியர் மூழ்கியபோதும், சரியாக ஓராண்டு கழித்து 2024 ஜூலையில் மறுபடி வெள்ளம் வந்தபோதும் அப்படித்தான். காணாமல்போன பூனையையும் மிஞ்சிய காய்களையும் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகியவர்களுக்கு ஆபத்து நாளில் ஒருவரை ஒருவர் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. சில்லறைப் பேச்சு என்று நாம் ஒதுக்குவது எதற்குப் பயன்படுகிறது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் கடற்கரை குறுக்கிடுகிறது. டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர், பேரழிவுக்குப்பின் சில ஊர்கள் மட்டும் ஏன் விரைவாக எழுந்து நிற்கின்றன என்று ஆராய்ந்தவர். 1923 டோக்கியோ நிலநடுக்கம், 1995 கோபே நிலநடுக்கம், 2005 கத்ரினா புயல் இவற்றோடு 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமங்களையும் அவர் எடுத்துக்கொண்டார். மக்களிடையே உறவு நெருக்கமாகவும், அதோடு அரசு, தொண்டு நிறுவனங்களுடன் தொடர்பும் இருந்த கிராமங்களுக்கு உதவி விரைவாகவும் அதிகமாகவும் வந்தது என்பது அவர் கண்ட ஒரு பாதி. மறு பாதி கசப்பானது. உறவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் உதவியிலிருந்து விலக்கப்பட்டார்கள்: தலித்துகள், பெண்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், முஸ்லிம்கள்.

‘சமூகத்தை மையமாகக் கொண்ட வலைத்தளம்’ என்று யாராவது உற்சாகமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. எந்தச் சமூகம், அதில் யாருக்கு இடம் என்று கேட்காமல் அந்தச் சொல்லைக் கொண்டாட என்னால் முடியாது. வெர்மான்ட்டின் ஃபோரம் எல்லையைத் தெருவை வைத்துப் போடுகிறது. அந்தத் தெருவில் குடியிருக்கிற எவருக்கும், நேற்று வந்த வாடகைக்காரருக்கும், உள்ளே வர உரிமை உண்டு. சேர்க்கவா வேண்டாமா என்று முடிவெடுக்கிற தெருப் பெரியவர் கிடையாது. இது பெரிய விஷயம்.

ஆனாலும் குறைகள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது பேர் வெள்ளையராக இருக்கும் மாநிலம் அது. அங்கே சுமுகமாக நடப்பது சாதியோ இனமோ மதமோ ஊரைப் பிளந்து வைத்திருக்கும் இடத்தில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. உண்மைப் பெயரும் தெருவும் கட்டாயம் என்பது, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி வந்து ஒளிந்து வாழும் ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிடும். நாகரிகமான மொழி வேண்டும் என்ற விதி படித்தவர்களுக்குச் சாதகம். நியாயமான கோபத்தை நாசூக்காகச் சொல்லத் தெரியாதவரின் மடல்தான் அடிக்கடி திரும்பி வரும். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். திருப்பி அனுப்பும் குறிப்போடு, எழுத உதவும் ஒரு கையும் நீண்டால்தான் அது தீரும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த முயற்சியின் பக்கம்தான் நிற்கிறேன். அல்காரிதம் நமக்குப் பிடித்ததை மட்டுமே காட்டி நம்மை ஒரு குமிழிக்குள் அடைத்துவிடுகிறது என்று 2011-இல் புத்தகம் எழுதி எச்சரித்தவர் எலி பரைசர். பின்னர் அவர் டாலியா ஸ்ட்ரௌடுடன் சேர்ந்து ‘நியூ பப்ளிக்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு வெர்மான்ட் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது, விவரமறிந்த குடிமகனாக இருக்க ஃபோரம் உதவுகிறது என்று 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். தாங்கள் அன்றாடம் திறந்து பார்க்கும் பெரிய வலைத்தளங்களைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதைப் படிக்கிறவர்களில் பலர் தெருவுக்கோ அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்களாக இருப்பீர்கள். அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்ற வசதி அதில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு அதை இயக்கி வையுங்கள். குடியிருப்பு நிர்வாகத்தில் பொறுப்பில்லாத இருவரைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் எழுதுவதை அவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒருவராவது வேறு தெருக்காரராக இருக்கட்டும். முடிந்தால் அந்த இருவருக்கும் குழுவே ஒரு சிறு தொகை கொடுக்கட்டும். தினமும் மாலை ஏழு மணிக்கு, வந்ததையெல்லாம் எழுதியவர் பெயரோடு தொகுத்து ஒரே செய்தியாக அவர்கள் வெளியிடட்டும். வாடகைக்கு இருப்பவர்களையும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் குழுவில் சேர்க்க மறக்காதீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். நல்லதும் கெட்டதும் இந்தத் தொடரிலேயே வரும்.

(தொடரும்)