பாட்டி, பேரன், பட்ஜெட்... மூணுக்கும் ஒத்துவரும் கொச்சி!

'ஃபேமிலி டூர்' என்று பேச்செடுத்தாலே வீட்டில் மூன்று அணிகள் உருவாகிவிடும். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். அப்பாவுக்குச் செலவு கையைக் கடிக்கக் கூடாது. பாட்டியோ, "எனக்கு முட்டி வலி. நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று ஒதுங்கிக்கொள்வார். கடைசியில், பாட்டி இல்லாத ஃபேமிலி போட்டோதான் மிஞ்சும்.

அந்த போட்டோவில் பாட்டியும் இருக்க வேண்டுமென்றால், கொச்சியை யோசிக்கலாம். மலை ஏற வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் பலவும் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி என்ற இரண்டே பகுதிகளில் அடங்கிவிடும். ஆட்டோ வைத்துக்கொண்டால் நடையும் மிச்சம்.

கிழமை பார்த்துக் கிளம்புங்க!

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அருகிலேயே உள்ள, 1568-ல் கட்டப்பட்ட யூதர் தேவாலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. எனவே வெள்ளி இரவு ரயில் ஏறுபவர்கள், சனிக்கிழமை அரண்மனையின் ராமாயண ஓவியங்களையும், ஞாயிறன்று யூதர் தேவாலயத்தின் நீலநிறச் சீன ஓடுகளையும் பார்க்கலாம். மாற்றித் திட்டமிட்டால் பூட்டிய கதவுதான் தரிசனம் தரும்.

இன்னொன்று, எர்ணாகுளத்தில் ஜங்ஷன், டவுன் என இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. எங்கே இறங்க வேண்டும் என்று டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு ஹோட்டல் புக் செய்யுங்கள்.

படகுதான் பஸ்!

எர்ணாகுளத்தில் தங்கினால், ஹைகோர்ட் பக்கமிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோவில் போகலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்த ஏசி படகுகள் பேட்டரியில் ஓடுகின்றன. இதன் மேடையே தண்ணீரில் மிதப்பதால், நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகும் மேடையும் ஒரே உயரத்தில் இருக்கும். முட்டி வலிக்காரர்கள் தாண்டிக் குதிக்க வேண்டாம், சக்கர நாற்காலியும் போகும். விடுமுறை நாள்களில் கூட்டம் அதிகம் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. அரசுப் படகும் ஓடுகிறது. அது இன்னும் மலிவு.

ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளை இறக்கி ஏற்றுவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். கயிற்றில் கட்டிய கற்களின் எடைதான் அந்தப் பெரிய வலையைத் தூக்க உதவுகிறது. பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடம் இதுதான்.

ஆனால், இந்தக் கரையில் குழந்தைகளைக் கடலில் இறக்காதீர்கள். இது கப்பல் போகும் பாதை. கால் நனைக்க, சுமார் 25 கி.மீ தூரத்தில் உள்ள செராய் கடற்கரைக்குப் போங்கள். அங்கேயும் முழங்கால் ஆழமே போதும்.

சாப்பாடும் சீஸனும்

ஓட்டலில் பருமனான மட்டை அரிசிச் சோறு வரும். பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வெள்ளை அரிசி இருக்கிறதா என்று கேளுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைத்தால் பயப்பட வேண்டாம், அது பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது. பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலும் புழுக்கமும் படுத்தும். அந்த நேரத்தை ரூமில் ஓய்வுக்கு ஒதுக்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சௌகரியம். ஆனால், கொச்சி கார்னிவல் நடக்கும் புத்தாண்டு இரவில் ஃபோர்ட் கொச்சி நெரிசலில் திணறும். பெரியவர்களோடும் கைக்குழந்தையோடும் அன்றைக்கு வேண்டாம்.

பாட்டிக்காக ஒரு இடம் உண்டு. ஃபோர்ட் கொச்சி வெளி பகுதியில் உள்ள டோபிகானா. டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இங்கே இன்றும் கையால் துவைத்துக் காயப்போடுகிறார்கள். அவர்கள் உழைக்கும் இடம் என்பதால், அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தமிழில் கேட்டாலே போதும். அதைப் பாட்டியே பார்த்துக்கொள்வார்!