தோண்டாமல் தொல்லியல்: இணையவழி அறிமுகப் பாடம் எதைக் கற்பிக்கும்?

ஒரு பானை ஓடு எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே தொல்லியலின் முதல் சான்று. அந்த விவரம் பதிவாகாமல் போனால், ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து வரலாறு எழுத முடியாது. கல்லூரிகளின் தொல்லியல் அறிமுகப் பாடம், வகுப்பறையில் நடந்தாலும் இணையத்தில் நடந்தாலும், இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சூசன் ஆல்காக் 2013இல் கோர்செரா தளத்தில் இத்தகைய பாடம் ஒன்றை உலகுக்குப் பொதுவாகத் திறந்துவைத்தார். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியாகத் தொல்லியலைப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறது. தளம் எதுவானாலும் பாடத்தின் உள்ளடக்கம் பெரிதும் ஒன்றே: மண்ணடுக்கு, காலக்கணிப்பு, பொருள்களை வகைப்படுத்தல், களத்தைக் கண்டறிதல், சட்டமும் அறமும்.

மண்ணடுக்கு விதி எளியது. கலையாத நிலத்தில் கீழே இருப்பது முந்தையது, மேலே இருப்பது பிந்தையது என்று டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669இல் எழுதினார். ஆனால் மனிதர் வாழ்ந்த நிலம் கலையாமல் இருப்பதில்லை. பிற்காலத்தில் வெட்டிய கிணறு பழைய அடுக்குகளைத் துளைத்து இறங்கும். குப்பைக்குழியில் விழுந்த காசு தன் காலத்துக்கு மிகக் கீழே போய்க் கிடக்கும். எந்த வெட்டு எந்த அடுக்கை அறுத்தது என்பதைக் கோட்டுப் படமாக வரிசைப்படுத்தும் முறையை எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கினார். ஒரு குழியின் சுவர்ப் படத்தைக் கொடுத்து, அடுக்குகளைக் கால வரிசையில் அமைக்கச் சொல்லும் பயிற்சிக்குத் திரை மிகவும் ஏற்றது. மாணவர் தவறாக வரிசைப்படுத்தினால் அழித்துவிட்டு மீண்டும் போடலாம். உண்மையான குழியில் தோண்டிய அடுக்கை மறுபடி தோண்ட முடியாது.

அடுக்குகளின் முன்பின் தெரிந்தாலும் ஆண்டு தெரியாது. அதை எட்டும் வழிக்குத் தென்னிந்தியாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பெயரால் வழங்கும் அரிட்டைன் மட்கல ஓடுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பிய ஆய்வுகளால் முன்பே தெரிந்திருந்தது. ஆகவே அவற்றோடு அதே அடுக்குகளில் கிடைத்த உள்ளூர் மட்கலங்களுக்கும், உருளைக் கருவியால் கோலம் பதித்த ரௌலட்டட் மட்கலங்களுக்கும் காலம் கிடைத்தது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் ரௌலட்டட் ஓடுகள் மேலடுக்கில் வந்தன. அரிக்கமேட்டில் கிடைத்த பிடியை வைத்து, அங்கே அதற்குக் கீழே கிடந்த பெருங்கற்காலப் பண்பாட்டுக்கும் வீலர் காலம் குறித்தார். பிற்பாடு விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வு, அங்கே மக்கள் வாழத் தொடங்கியது வீலர் கருதியதைவிட முன்பே என்று காட்டியது. ரௌலட்டட் மட்கலத்தின் தொடக்கமும் பின்னோக்கி நகர்ந்தது. ஒரு களத்தின் காலம் திருத்தப்பட்டால், அதைச் சார்ந்து குறிக்கப்பட்ட மற்றக் களங்களையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

ஆண்டை எட்டும் மற்றொரு வழியான கார்பன்-14 முறையை வில்லார்ட் லிபி 1949இல் நிறுவினார். 1960இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார். உயிருள்ளவரை உடலில் சேரும் கதிரியக்கக் கார்பன், இறந்த பிறகு 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற அளவில் குறைகிறது. சுமார் 50,000 ஆண்டு வரை இதை அளக்கலாம். அறிமுகப் பாடத்தில் மாணவர் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே, ஏனெனில் செய்திகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. இராஜன் நடத்திய அகழாய்வில், ஒரு கற்பதுக்கைக்குள் நான்கு கால் சாடியில் சுமார் இரண்டு கிலோ நெல்லும், ‘வய்ர’ என்று தமிழி எழுத்து பொறித்த பிரிமனையும் கிடைத்தன. நெல்லைச் சோதித்தபோது கி.மு. 490 என்ற காலம் வந்தது. ஆய்வகம் அளந்தது நெல்லை. எழுத்தை அளக்க வழியில்லை. இரண்டும் ஒரே ஈமச்சடங்கில் ஒன்றாக வைக்கப்பட்டு, பின்னர் கலைக்கப்படாமல் இருந்தன என்று காட்டினால்தான் நெல்லின் காலம் எழுத்துக்கும் பொருந்தும். அதைக் காட்டுவது குழியில் எடுத்த படமும் வரைவும் குறிப்பும்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் மர வளையங்களைக் கொண்டு வரைந்த திருத்தக் கோட்டோடு ஒப்பிட்டே ஆண்டைச் சொல்ல முடியும். அந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது; அதனால் அங்கே ஒரே அளவீடு பல ஆண்டுகளுக்குப் பொருந்திவிடும். தமிழகத்தில் நகர வாழ்வும் எழுத்தும் தோன்றியது பற்றிய விவாதம் பெரிதும் இந்த நூற்றாண்டுகளைச் சுற்றியே நடக்கிறது என்பது நம் ஆய்வாளர்களுக்கு வாய்த்த கடினமான சூழ்நிலை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கிடைத்த கி.மு. 580 என்ற எண்ணையும் ஒரு கால வரம்பின் அடையாளமாகவே படிக்க வேண்டும். அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து பல மாதிரிகளை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும்போது வரம்பு குறுகுகிறது, முடிவு உறுதிப்படுகிறது.

வீட்டிலிருந்தே செய்யத்தக்க பயிற்சிகளும் இப்பாடத்தில் அமையலாம். வில்லியம் ராத்ஜே 1973இல் அரிசோனாவின் டூசான் நகரில் வீட்டுக் குப்பையைத் தொல்லியல் முறையில் ஆராயத் தொடங்கினார். மக்கள் தாம் குடித்ததாகச் சொன்ன பீரின் அளவைவிடக் குப்பையில் கிடந்த புட்டிகளும் டப்பாக்களும் அதிகம். அதைப் பின்பற்றி, ஒரு வாரக் குப்பையை வகைபிரித்து எண்ணி, அந்த வீட்டாரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எழுதலாம். செயற்கைக்கோள் படங்களில் பழைய கோட்டைச் சுவடுகளையும் தூர்ந்த ஏரிக்கரைகளையும் தேடுவது, அருங்காட்சியகங்களின் முப்பரிமாணப் படங்களைத் திருப்பிப் பார்த்து வகைப்படுத்துவது ஆகியவையும் திரையிலேயே கைகூடும்.

கைகூடாதவையும் உண்டு. ஈரமண்ணின் நிறமாற்றத்தைக் கண்ணும், அடுக்கு மாறும் இடத்தைக் கொத்துக்கரண்டி பிடித்த கையும் உணர்வது களத்தில்தான் வரும். சல்லடையில் மிஞ்சியது கூழாங்கல்லா மணியா என்று பிரித்தறியவும் அப்படியே. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற வீலர் அதே ஆண்டில் தட்சசீலத்தில் பயிற்சி முகாம் நடத்தி இளம் இந்திய ஆய்வாளர்களைக் குழிக்குள் இறக்கியது இதனால்தான். இணையவழிப் பாடம் முடித்தவர் களப்பயிற்சி பெறாமல் தம்மை அகழாய்வாளராகக் கருதுவது சரியாகாது.

தனியாகத் தோண்டிப் பார்க்கும் ஆசையைச் சட்டமும் தடுக்கிறது, தடுப்பதே நல்லது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமம் இல்லாமல் அகழ்வதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. தொல்பொருள்களை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புதையல் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உழுத நிலத்தில் தாழியோ எழுத்துள்ள ஓடோ தென்பட்டால், கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

மேலே படிக்க விரும்புவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியலுக்குத் துறைகள் இருக்கின்றன. முதுகலை முடித்தவர்களுக்கு இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதில் களப்பயிற்சியும் பாடத்தின் பகுதி.